அந்தமான் போகிறவர்களுக்கு நாலு வார்த்தை
(நம் சங்கத்தின் மூத்த குடிமக்கள் கூட்டத்தில் பேசியது)



வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து, "கையில கொஞ்சம் பணம் வெச்சுக்கோங்க சார்" என்று எத்தனையோ பேருக்குச் சொன்னவன் நான். போன ஜனவரியில் அந்தமானுக்குப் போனபோது அதை நானே மறந்தேன்.

சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டேகால் மணி நேரம்தான். போர்ட் பிளேர், இப்போது ஸ்ரீ விஜயபுரம், நம் ஊர் போலவே இருக்கும். தமிழும் காதில் விழும். கடல் கடந்து ஹேவ்லாக் போனதும் நிலைமை வேறு.

கடைசி இரவு நாங்கள் அங்கேயே தங்கினோம். காலையில் கப்பல், மதியம் விமானம் என்று திட்டம். காற்று பலமாக இருந்ததால் கப்பலை ரத்து செய்துவிட்டார்கள். விமானம் போயிற்று, டிக்கெட் பணமும் திரும்பவில்லை. சிக்னல் இல்லாததால் யு.பி.ஐ. வேலை செய்யவில்லை. ஏ.டி.எம்.மில் பணம் தீர்ந்திருந்தது. என் கையில் இருந்தது 640 ரூபாய். மனைவியின் பிரஷர் மாத்திரையும் அன்றோடு தீர்ந்தது.

மருந்துக்கடைக்காரர் வங்காளி. சீட்டைப் பார்த்தார், ஒரு வாரத்துக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தார். அட்டைப்பெட்டி மேல் தன் நம்பரை எழுதி, அப்புறம் அனுப்புங்கள் என்றார். மறுநாள் போர்ட் பிளேரில் இறங்கியதும் முதல் வேலையாக அந்தப் பணத்தை அனுப்பினேன். எல்லோருக்கும் அப்படி ஒருவர் அமையமாட்டார். ஆகவே, தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

1. கடைசி இரவு கண்டிப்பாகப் போர்ட் பிளேரில் தங்குங்கள். கப்பல் கிளம்பாவிட்டால் சமாளிக்க ஒரு நாள் கையில் இருக்கும்.

2. அறை, சாப்பாடு, கப்பல் என்று இரண்டு நாள் செலவைக் கணக்குப் போட்டு, அதைத் தனியே ரொக்கமாக வையுங்கள். நூறும் ஐந்நூறுமாக இருக்கட்டும். கணவன், மனைவி இருவரும் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். அதைப் போர்ட் பிளேரிலேயே எடுத்துவிடுங்கள்.

3. இரண்டு வங்கி கார்டு, இரண்டு கம்பெனி சிம் வேண்டும். சிக்னல் இல்லையென்றால் ஓ.டி.பி.யும் வராது.

4. மாத்திரை ஐந்து நாள் கூடுதலாக, டாக்டர் சீட்டோடு, கைப்பையில் இருக்கட்டும். பெரிய ஆஸ்பத்திரி போர்ட் பிளேரில்தான்.

5. முன்பதிவுக்கு முன், ரத்தானால் எவ்வளவு திரும்பும் என்று படித்துப் பாருங்கள். நான் படிக்கவில்லை.

6. அசல் அடையாள அட்டையும் டிக்கெட்டின் காகித நகலும் எடுத்துப் போங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். குளிர்காலத்தில் ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். ராதாநகர் கடற்கரைக்குச் சீக்கிரமே கிளம்புங்கள். பவளத்தைப் பொறுக்கி எடுத்து வராதீர்கள், அது குற்றம்.

இதற்காகப் பயந்து போகாமல் இருந்துவிடாதீர்கள். அந்த நீலக் கடலை ஒருமுறையாவது பார்க்க வேண்டும். முழங்கால் ஒத்துழைக்கும்போதே போய் வாருங்கள்.