பகல் கனவு

பாவ்நகரில் 1920இல் குழந்தைகள் பள்ளி தொடங்கிய கிஜுபாய் பத்தேகா, முன்பு வழக்கறிஞர். அவர் குஜராத்தியில் எழுதிய ‘திவாஸ்வப்னா’ தமிழில் ‘பகல் கனவு’ ஆனது. லட்சுமிராம் என்ற கற்பனை ஆசிரியர் நான்காம் வகுப்பில் ஓராண்டு செய்த சோதனையை அதில் தானே சொல்கிறார்.

முதல் நாளே தோல்வி. அமைதி விளையாட்டு என்று ஆரம்பித்தார். பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். வகுப்பைச் சீக்கிரமே கலைத்துவிட்டார். மறுநாள் கதை சொல்லத் தொடங்கியதும் அதே பிள்ளைகள் அசையாமல் உட்கார்ந்தார்கள். கதைக்குள்ளேயே மெல்ல வருகைப்பதிவும் நுழைந்தது. பாடநூல் வாங்கும் காசைச் சேர்த்து வகுப்புக்கென நூலகமும் அமைத்தார்.

சக ஆசிரியர்களின் கேலி, பெற்றோரின் ஐயம், தேர்வு நெருக்கடி எல்லாம் கூடவே வந்தன. சறுக்கல்களை அவர் மறைக்காததுதான் நூலின் பெரிய பலம்.