ஜவ்வரிசி ஆலைத் தண்ணீரில் எரிவாயு

கல்வராயன் மலையிலும் அடிவாரத்திலும் விளையும் மரவள்ளி, சின்னசேலம், ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது. கிழங்கை அரைத்து, பால் எடுத்து, மாவு அடியில் தங்கியபின் மிஞ்சுவது கழிவுநீர். திறந்த குட்டையில் விட்டால் ஊரே மூக்கைப் பொத்தும். காற்றுப் புகாத தொட்டியில் விட்டால், அதே தண்ணீர் எரிவாயு தரும். பல ஆலைகளில் அந்த வாயுவில்தான் இன்ஜின் ஓடுகிறது.

ஆனால், இந்தத் தண்ணீர் தோசை மாவைப்போலச் சீக்கிரம் புளிக்கும். புளிப்பு மிஞ்சினால் மீத்தேன் தரும் நுண்ணுயிர்கள் சுணங்கிவிடும். சாணக் கரைசல் கலந்தால் புளிப்பு அடங்கும். தேவையான நுண்ணுயிர்களும் அதிலேயே வந்துவிடும்.

வாயு பிரிந்தாலும் சத்து போகாது. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து மூன்றும் பெரும்பாலும் தொட்டிக் கரைசலிலேயே தங்கும். கரைசலை ஆறவிட்டு, பாசனத் தண்ணீரோடு கலந்து வயலுக்குப் பாய்ச்சலாம்.