குழந்தையின் கோடு



19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஐரோப்பியப் பள்ளிகளில் சித்திர வகுப்பு என்றால், ஆசிரியர் கரும்பலகையில் போட்ட உருவத்தையோ அச்சுப் படத்தையோ இம்மியும் பிசகாமல் பார்த்து எழுதுவதே பெரும்பாலும் குழந்தைகளின் கடமையாக இருந்தது. வியன்னா நகரில் ஒரு தச்சர் வீட்டில் குடியிருந்து கலை பயின்ற பிரான்ஸ் சிசெக் என்னும் இளைஞரோ, அவ்வீட்டுப் பிள்ளைகளிடம் வர்ணத்தையும் தூரிகையையும் கொடுத்துவிட்டு, எவருடைய உபதேசமுமின்றி அவர்கள் இஷ்டம்போல் தீட்டிய சித்திரங்களைக் கண்டு வியந்தார். 1897-ல் அவர் சிறுவர்களுக்கென்றே ஒரு சித்திர வகுப்பைத் தொடங்கினார். கண்டதையும் கற்பனை செய்ததையும் வரைவதே அங்கே பாடம்.

இப்படி இஷ்டம்போல் வரைய விட்டால், இரண்டு வயதில் குழந்தை வெறுமனே கிறுக்கும். மூன்று, நான்கு வயதில் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் இரண்டு புள்ளிகள் வைத்து, அந்த வட்டத்திலிருந்தே நேராகக் கையும் காலும் முளைக்கச் செய்து, "இது அம்மா" என்று சொல்லும். உடம்பு எங்கே என்று கேட்டு நாம் திருத்தப் புகுவது அநாவசியம். வயது ஏற ஏற உடம்பு தானே வந்து சேரும்.

ஆகவே, ஆசிரியப் பெருமக்களே, பென்சிலை முஷ்டியால் பற்றாமல் விரல்களால் பிடிக்கவும், காகிதம் முழுவதையும் தாராளமாக நிரப்பவும் சொல்லிக்கொடுங்கள். குழந்தையின் படத்தின்மேல் உங்கள் பென்சில் மட்டும் பட வேண்டாம்.