பீரோவுக்குள் யார் இருக்கிறார்கள்?

(ராசிபுரத்தில் மாணவர்கள் கூடிய கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் கவிதை எழுதுகிறவன். சோத்துக்கு வங்கியில் குமாஸ்தா வேலை. வேலை கிடைத்த அன்றைக்கு, "கவுண்டரில் உக்கார்ற வேலை" என்று எங்க அவ்வாவிடம் சொன்னேன். "மறுபடியும் கவுண்டருகிட்டயேவா போற?" என்று பயந்துபோய்க் கேட்டுச்சு. நீங்கள் சிரிக்கிறீர்கள். தாத்தனும் அப்பனும் பண்ணையத்துக்கு இருந்த வீட்டில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். ஒரே சொல், கேட்கிற காதைப் பொறுத்து வேறாகிவிடுகிறது. கதைப்புத்தகமும் அப்படித்தான்.

பள்ளிக்கூடத்தில் குழந்தைகளுக்கு என்ன புத்தகம் சேர்க்க வேண்டும் என்று பேசச் சொன்னார்கள். உலக இலக்கியம், பண்பாடு என்றெல்லாம் தலைப்பு பெரிசாக இருக்கிறது. நான் ஒரு இரும்பு பீரோவிலிருந்து தொடங்குகிறேன்.

நாலாம் வகுப்பு படித்தபோது எங்கள் பள்ளியில் ஒரு பீரோ இருந்தது. சாவி தலைமையாசிரியரிடம். இன்ஸ்பெக்சன் அன்றைக்கு மட்டும் திறப்பார். புத்தகங்களை மேசையில் அடுக்க நாலு பையன்களைக் கூப்பிட்டார். மூணு பேர் நேராகப் போனார்கள். என்னைப் பார்த்து, "நீ போயி கை கழுவிட்டு வா" என்றார். கழுவிவிட்டு வந்தேன். அதற்குள் அடுக்கி முடித்திருந்தார்கள்.

இப்போது எங்கள் காலனியில் மாலை வகுப்பு நடத்துகிறோம். போன வருசம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் அனுமதி கேட்டு பீரோவைத் திறந்து பார்த்தோம். பற்று எழுதினால் வரவும் பார்க்கிற வங்கிக்காரன் புத்தி. ஒவ்வொரு கதையிலும் யார் யார் வருகிறார்கள் என்று நோட்டில் குறித்தேன். ராஜா, மந்திரி, முனிவர், வியாபாரி, ஏழைப் பிராமணர். நரிக்குப் பேர் இருந்தது, கழுதைக்குப் பேர் இருந்தது. செருப்புத் தைக்கிறவருக்குப் பேர் இல்லை. மலம் அள்ளுகிறவர் கதையிலேயே இல்லை. கிணத்துப் பாசனத்தை நம்பிய இந்த பூமியில் கவலை ஏற்றத்துக்குத் தோல் தைத்துக் கொடுத்தவன் மாதாரி. அவன் தைத்த தோல் இல்லாமல் ஒரு சால் தண்ணீர் மேலே வந்திருக்காது. அந்த மனுசனைப் பற்றி ஒரு வரி இல்லை.

பரிசுப் புத்தகமாகக் கொடுக்கிற ராமாயணமும் பாரதமும் ராஜாஜி எழுதியவை. நம் சேலத்தில் வக்கீலாக இருந்தவர். 1925-இல் திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் ஆசிரமம் வைத்தவர். 1953-இல் முதலமைச்சராக இருந்து, அரை நாள் பள்ளிக்கூடம், மிச்ச நேரம் அப்பன் தொழில் என்று திட்டம் போட்டவரும் அவர்தான். எதிர்ப்பில் 1954-இல் அது ஒழிந்தது. திட்டம் போய்விட்டது, பீரோ மட்டும் மாறவில்லை.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. அமெரிக்காவில் டுபாய்ஸ் 1920-இலேயே கறுப்புக் குழந்தைகளுக்கென்று ஒரு மாத இதழ் நடத்தினார். இரண்டே வருசம்தான் நடத்த முடிந்தது. 1965-இல் நான்சி லாரிக் என்ற வெள்ளைக்காரப் பெண்மணி எண்ணிப் பார்த்தார். மூன்று வருசத்தில் வந்த 5,206 குழந்தைப் புத்தகங்களில் கறுப்பர் தலைகாட்டியது 349-இல்தான். ருடின் சிம்ஸ் பிஷப் என்ற கறுப்பினப் பேராசிரியர் 1990-இல் சொன்னார்: புத்தகம் குழந்தைக்குக் கண்ணாடியாகவும் இருக்க வேண்டும், ஜன்னலாகவும் இருக்க வேண்டும். நம் பிள்ளைக்குக் கண்ணாடி கிடையாது, அடுத்தவன் வீட்டு ஜன்னல் மட்டும். சாதி இந்துப் பிள்ளைக்குச் சுத்திலும் கண்ணாடி, ஒரு ஜன்னல் கிடையாது. இரண்டுமே கேடுதான்.

சரி, ஒரு தலித் கதையைச் சேர்த்தால் முடிந்ததா? இங்கேதான் சூட்சுமம். மதுரை வீரனை எடுத்துக்கொள்ளுங்கள். அச்சில் வந்த கதையிலும் 1956-இல் வந்த எம்.ஜி.ஆர். படத்திலும் அவன் ராஜா பெற்ற பிள்ளை. காட்டில் விடப்பட்டவனை சக்கிலியர் வீட்டில் எடுத்து வளர்க்கிறார்கள், அவ்வளவுதான். எங்க அவ்வா சொன்ன கதையில் அவன் எங்கள் வீட்டில் பிறந்தவன். வீட்டில் நாங்கள் பேசுவது தெலுங்கு. தெலுங்கில் சொன்னதை உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன்: "பாளையக்காரன் மவள நம்ம பையன் கட்டுனான்னா இவங்களுக்குச் சோறு எறங்காது. அதான் ராசா வவுத்துல பொறந்தான்னு எழுதிக்கிட்டாங்க."

வீரம் இருந்தால் அது மேலே இருந்து வந்ததாகத்தான் இருக்க வேண்டும் என்கிறது பொதுப்புத்தி. அவனை மாறுகால் மாறுகை வாங்கியது பழங்கதை என்று நினைக்காதீர்கள். 2015 ஜூனில் திருச்செங்கோட்டு மலைக்கோயிலுக்கு வேறு சாதிப் பெண்ணோடு போன ஓமலூர் கோகுல்ராஜைக் கடத்திக் கொன்றார்கள். 2022-இல் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை. அவர்களும் பள்ளிக்கூடத்தில் ஏதோ கதை படித்துத்தானே வளர்ந்திருப்பார்கள்?

அவ்வா சொன்ன கதையை மாலை வகுப்புப் பிள்ளைகள் நோட்டில் எழுதிப் படம் போட்டார்கள். அட்டை ஒட்டி, அதே பள்ளிக்குக் கொண்டுபோனோம். தலைமையாசிரியர் கெட்டவர் இல்லை; உட்காரச் சொல்லி டீ கொடுத்தார். பக்கங்களைப் புரட்டிவிட்டு, "நல்லாத்தான் இருக்குது தம்பி. ஆனா பள்ளிக்கூடத்துல சாதி வந்துரும், வேண்டாமே" என்றார்.

சாதி இனிமேல்தான் வரப்போகிறதா? ஏழைப் பிராமணர் என்று அச்சில் இருக்கும்போது அது சாதி இல்லை, சின்னான் மகன் என்று எழுதினால் சாதி. பாடப்புத்தக முகப்பில் தீண்டாமை பாவம், குற்றம், மனிதத்தன்மையற்றது என்று மூன்று வரி போட்டிருக்கிறார்கள். அந்த வரிகள் இருக்க, 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ மாணவனை அவன் பள்ளிப் பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். மூன்று வரியை மனப்பாடம் செய்யலாம். அடுத்தவன் வலியை மனப்பாடம் செய்ய முடியாது, அதற்குள் ஒரு கதை வழியாகத்தான் போக முடியும். அந்த ஜன்னல் நமக்கல்ல, அவர்களுக்குத்தான் அவசரம்.

அரசை மட்டும் திட்டிவிட்டுப் போகவில்லை. 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம், நுழை, நட, ஓடு, பற என்று படி வைத்துச் சின்னப் புத்தகங்களைப் பிள்ளைகள் கையிலேயே கொடுத்தது. நல்ல காரியம். அதை நாம் நிரப்ப வேண்டும். எதைக் கொண்டு?

அம்பேத்கர் சிறுவனாக மாட்டு வண்டியில் தண்ணீர் கிடைக்காமல் போன இரவை, கோண்டு ஓவியர்கள் துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும் 'பீமாயண'த்தில் வரைந்தார்கள். தமிழிலும் வந்திருக்கிறது. ஐதராபாத்தில் அன்வேஷி அமைப்பு 2008-இல் தலித், முஸ்லிம் குழந்தைகளின் அன்றாடத்தைக் கதைப்புத்தகங்களாகக் கொண்டுவந்தது. தெலுங்கிலும் உண்டு. எழுத்து நமக்குத் தெரியாது. யாராவது வாசித்தால் எங்க வளவுப் பிள்ளைகளுக்குப் புரியும். வீட்டு மொழி பேசினால் வகுப்பில் சிரிக்கிறார்களே, அது புத்தகத்தில் ஏறும் மொழி என்று அவர்களும் தெரிந்துகொள்ளட்டும். கறுப்புக் குழந்தைகளின் கதைகளை நாம் மொழிபெயர்க்கலாம்.

தலித்துதான் எழுதணுமா என்று ஒரு தோழர் கேட்டார். இந்தப் பக்கத்தில் ஆடு மேய்த்த பண்ணையத்துப் பிள்ளைகளைப் பற்றிப் பெருமாள்முருகன் 2000-இல் 'கூளமாதாரி' எழுதினார். பெரியவர்களுக்கான நாவல்; தலித் அல்லாதவர் எழுதியது. எழுதட்டும். ஆனால் பீரோ முழுக்க அடுத்தவர் எழுதிய நம் கதையாக இருந்தால், மறுபடியும் ராஜா வயிற்றில்தான் நாம் பிறக்க வேண்டியிருக்கும்.

புத்தகம் தேர்ந்தெடுக்கும்போது நாலு கேள்வி கேளுங்கள். நம் பிள்ளைக்குப் பேர் இருக்கிறதா? அவள் தானாக எதையாவது செய்கிறாளா, யாராவது வந்து காப்பாற்றுகிறார்களா? துன்பம் தவிர விளையாட்டு, கறிச்சோறு, கேலி, சிரிப்பு இருக்கிறதா? இதை அவள் ஊர்க்காரி படித்தால் நம்புவாளா?

இந்த ஜூனில் பள்ளி திறக்கும்போது உங்கள் ஊரில் நாலு பேராகப் போங்கள். பீரோவைத் திறக்கச் சொல்லுங்கள். எண்ணுங்கள். உங்கள் பாட்டி கதையை ஒரு நோட்டில் எழுதிக் கையோடு கொண்டுபோங்கள். வேண்டாம் என்றால் அடுத்த மாதமும் போங்கள். எங்கள் நோட்டு இன்னும் என் பையில்தான் இருக்கிறது. இதோ, கூட்டம் முடிந்ததும் வந்து பாருங்கள். யாரும் கை கழுவ வேண்டியதில்லை.