கன்றுக்கு முதல் மருந்து



ஈப்போவை அடுத்த ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவியும் பசு வளர்த்துமே எம்மைப் படிக்கவைத்தார் என் அன்னையார். கன்றுக்கு வயிற்றுப்புழு கண்டால் வேப்பிலை, மஞ்சள், பூண்டு, சீரகம் அரைத்து, வெல்லம் கூட்டி நாவில் தடவுவார். படித்த பிள்ளையாகிய நான் நகைத்ததுண்டு. இன்றோ, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் ஏறத்தாழ அதே கலவையைத் தும்பையும் பாகற்காயும் சேர்த்து உழவர்க்குக் கற்பிக்கின்றது.

ஆயினும், மூலிகைக்கும் எல்லையுண்டு. ஒருமுறை, ஈன்ற பசுவின் சீம்பாலை அண்டை வீட்டாருக்கெல்லாம் மனமுவந்து பகிர்ந்தோம், கன்றுக்குக் குறைந்தது. பின்னர்க் கழிச்சல் கண்டபோது எம்மருந்தும் அதனைக் காக்கவில்லை. தாயின் நோயெதிர்ப்பாற்றல் கன்றினைச் சேர்வது சீம்பால் வழியேதான். 24 மணி நேரம் கடந்தால் கன்றின் குடல் அதனை ஏற்காது. பிறந்த இரண்டு மணி நேரத்திற்குள் ஊட்டுவதே நன்று.

அடுத்த ஈற்றிலிருந்து, கன்று வயிறாரக் குடித்து விலகிய பின்னரே அன்னையார் செம்பைக் கையிலெடுத்தார்.