எழுபதில் இருபது

(புனேயில் நடந்த மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அழைப்பிதழில் 'முதுமையும் தேகப்பயிற்சியும்' என்று போட்டிருக்கிறார்கள். நான் யோகாசனம் பற்றிப் பேசுவேன் என்று காரியதரிசி நினைத்திருப்பார் போலும். எனக்கு ஆசனம் எதுவும் வராது. தெரிந்த ஒரே ஆசனம் சைக்கிள் ஸீட்தான். அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

நான் திருவிடைமருதூர்க்காரன். கும்பகோணம் அரசினர் கலைக் கல்லூரியில் பௌதிகம் படித்தேன். அப்பாவின் கறுப்பு ஹெர்குலிஸில் தினமும் போக வர பதினாறு கிலோமீட்டருக்குக் குறையாது. எதிர்காற்றில் மிதித்தால் மூச்சு முட்டும். ஆனால் அது 'பயிற்சி' என்று யாரும் சொன்னதில்லை. பஸ்ஸுக்குக் காசில்லை, அவ்வளவுதான். 1978ல் மத்திய சர்க்கார் உத்தியோகமாகப் புனே வந்தபோது இந்த ஊரே சைக்கிளில்தான் ஆபீஸுக்குப் போய்க் கொண்டிருந்தது. நானும் போனேன். பிறகு ஸ்கூட்டர், பிறகு ஆபீஸ் ஜீப், பிறகு நாற்காலி. ஐம்பத்திரண்டு வயதில் சர்க்கரை. 2011ல் ரிடையர் ஆகும்போது எழுபத்தாறு கிலோ, அதில் பெரும்பகுதி வயிற்றில்.

2017 செப்டம்பரில் என் ஆத்துக்காரி ஸ்நான அறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. ஆத்துக்கு அழைத்து வந்த மறுநாள் அவளைக் கட்டிலிலிருந்து தூக்கி உட்கார வைக்கப் போனேன். பாதியில் என் முதுகு பிடித்துக் கொண்டது. இரண்டு பேரும் அப்படியே நின்றோம், அவளும் எழுந்திருக்க முடியாமல், நானும் நிமிர முடியாமல். பக்கத்து வீட்டு மராத்தி அம்மாள் வந்துதான் பிரித்து வைத்தார். பிஸியோதெரபிக்கு வந்த பெண் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "காகா, முதலில் நீங்கள் தேறினால்தான் காகுவை நடக்க வைக்க முடியும்" என்றாள். இருபத்தைந்து வயது இருக்கும். என்னுடைய ஸர்வீஸில் எந்த மேலதிகாரியும் அவ்வளவு நேராக என்னிடம் பேசியதில்லை.

டாக்டரிடம் போய் ஈ.ஸி.ஜி., டிரெட்மில் பரிசோதனை எல்லாம் செய்து கொண்டேன். இதைச் செய்யாமல் யாரும் தொடங்க வேண்டாம். பால்கனியில் பையனின் கியர் சைக்கிள் ஒன்று தூசு படிந்து கிடந்தது. 2018 ஜனவரியில் அதை இறக்கினேன். முதல் நாள் இரண்டு கிலோமீட்டர் போய் ஒரு மதகின் மேல் உட்கார்ந்து விட்டேன். மூன்று மாதத்தில் கடக்வாஸ்லா அணை வரை போய்த் திரும்ப முடிந்தது. எங்கள் வீட்டிலிருந்து போக வர 30 கிலோமீட்டர். இரண்டு மணி நேரம் ஆயிற்று. அதாவது மணிக்குப் பதினைந்து.

அங்கேயே நிறுத்தியிருந்தால் இந்தப் பேச்சுக்கு அவசியமே இல்லை. விடுமுறைக்கு வந்த பேரன் ஹாண்டில்பாரில் ஒரு சின்ன மீட்டரைப் பொருத்திவிட்டுப் போனான். முப்பத்தைந்து வருஷம் புள்ளிவிவரங்களோடு குடித்தனம் நடத்தியவன் கையில் ஒரு மீட்டரைக் கொடுத்தால் என்ன ஆகும்? பழைய டயரியில் தினமும் எழுத ஆரம்பித்தேன். 16.8. 17.5. 18.4. இருபதைத் தொட்டே தீருவது என்று சங்கல்பம். வாரம் ஆறு நாள், ஆறு நாளும் முழு மூச்சு.

இங்கே கொஞ்சம் பௌதிகம். சமதரையில் மெதுவாகப் போகும்போது டயர் உராய்வுதான் பெரிய செலவு. வேகம் கூடக்கூடக் காற்று முந்திக் கொள்கிறது. காற்றைத் தள்ளுவதற்கான திறன் வேகத்தின் முப்படியாக ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் திறன் எட்டு மடங்கு. இருபதிலிருந்து இருபத்திரண்டுக்குப் போக, கேட்க இரண்டே கிலோமீட்டர்தான், காற்றுக்கு மட்டும் மூன்றில் ஒரு பங்கு அதிகம் கொடுக்க வேண்டும். இருபத்தைந்து என்றால் ஏறக்குறைய இரட்டிப்பு. இதையெல்லாம் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன்தான் நான். ஆனாலும் தொளதொளத்த அரைக்கைச் சட்டை காற்றில் புடைக்க, நெஞ்சை நிமிர்த்திக் கொண்டு மிதித்தேன். முழங்கையை மடக்கி உடம்பைச் சற்றுத் தாழ்த்தியிருந்தால் ஒரு கிலோமீட்டராவது சும்மா கிடைத்திருக்கும்.

தீபாவளி சமயம் டயரியைப் புரட்டினால் எண்கள் இறங்கிக் கொண்டிருந்தன. 17.9. 17.6. 17.3. மிதிக்க மிதிக்கக் குறைகிறது! இரவில் தூக்கம் இல்லை. இடது முழங்கால் வலி. "ஆடிட் நடக்கறப்போ இருக்குமே, அந்த மூஞ்சி வந்துடுத்து உங்களுக்கு" என்றாள் ஆத்துக்காரி. நான் இன்னும் பலமாக மிதித்தேன்.

நவம்பரில் ஒரு நாள் அணையிலிருந்து திரும்புகையில் கிர்கிட்வாடி பக்கம் வரும்போது கை நடுங்கியது. வியர்வை கொட்டியது. மிதிக்கும்போது வியர்ப்பது சகஜம்தானே என்று விட்டுவிட்டேன். எதிரே வந்த டெம்போ இரண்டாகத் தெரிந்தது. இறங்கினேனா விழுந்தேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஒரு டீக்கடை அம்மாள் "ஆஜோபா, பஸா, பஸா" என்று பிடித்து உட்கார வைத்து, நான் வேண்டாம் வேண்டாம் என்னும்போதே சர்க்கரை நிறையப் போட்ட டீயை வாயில் ஊற்றினாள். அந்த மகராசிக்கு வைத்தியம் தெரியாது. ஆனால் செய்தது சரியான வைத்தியம்.

நடந்தது என்னவென்று டாக்டர் பிறகு விளக்கினார். நான் சாப்பிட்டு வந்தது கிளிமிபிரைடு. அது கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். உழைக்கும் தசையோ தன் பங்குக்கு ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக் கொள்ளும். இரண்டும் சேர்ந்தால், அதிலும் வெறும் வயிற்றில், சர்க்கரை அதலபாதாளத்துக்குப் போய்விடும். நம்மில் பல பேர் இந்த ரக மாத்திரையில் இருக்கிறோம். நடைப்பயிற்சிக்கும் இது பொருந்தும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் பேசுங்கள். என்னுடையதை அவர் மாற்றிக் கொடுத்தார். அதற்குப் பிறகு இரண்டு வாழைப்பழமும் ஒரு பொட்டலம் சர்க்கரையும் இல்லாமல் நான் கேட்டைத் தாண்டுவதில்லை. நடுக்கம் வந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை, பதினைந்து நிமிஷம் உட்கார்தல், தேறாவிட்டால் மறுபடி ஒரு தடவை.

வழக்கமாக ஏழேகாலுக்கு வருகிறவன் அன்று ஒன்பது பத்துக்கு ஆட்டோவில் வந்து இறங்கினேன். மேலே பார்த்தால் பால்கனியில் அவள். வாக்கரைப் பிடித்துக் கொண்டு பத்து நிமிஷம் நிற்க முடியாது என்று சொல்லிக் கொண்டிருந்தவள், எட்டு மணியிலிருந்து அங்கே நின்றிருக்கிறாள். என்னைத் திட்டவில்லை. காபி கலக்கட்டுமா என்று மட்டும் கேட்டாள்.

இரண்டு வாரம் சைக்கிளைத் தொடவில்லை. அந்த இரண்டு வாரத்தில்தான் படித்தேன். அப்போது கண்ணில் பட்டவர் ராபெர்ட் மார்ஷான் என்ற பிரெஞ்சுக்காரர். 2012ல் நூறு வயதில் ஒரு மணி நேரத்தில் 24.25 கிலோமீட்டர் ஓட்டியவர். 2014ல் நூற்றிரண்டு வயதில் 26.92 கிலோமீட்டர். அதாவது வயது ஏறியபோது வேகமும் ஏறியது! இடைப்பட்ட காலத்தில் வெரோனிக் பில்லா என்ற உடலியல் பேராசிரியை அவரைப் பழக்கிய விதத்தை 2017ல் வெளியிட்டார்கள். வருஷத்துக்கு 5,000 கிலோமீட்டர். அதில் 80 சதவீதம் சொகுசான ஓட்டம், 20 சதவீதம் மட்டுமே கடினம். உடம்பு பயன்படுத்தக்கூடிய பிராணவாயுவின் உச்ச அளவு 13 சதவீதம் கூடியது. மிதிக்கும் திறன் 90 வாட்டிலிருந்து 125க்குப் போனது. காரணம் முக்கியமாக, மிதியைச் சுற்றும் உச்ச வேகம் நிமிஷத்துக்கு 69லிருந்து 90 ஆனது. ஒரே ஒரு ஆளை வைத்துச் சட்டம் போட முடியாது, அது எனக்கும் தெரியும். மார்ஷான் 109 வயது வரை, 2021 வரை இருந்தார். அப்படிப்பட்ட தேகம் எல்லோருக்கும் வாய்க்காது. ஆனால் என் டயரியும் அதையேதான் சொல்லிக் கொண்டிருந்தது, நான்தான் படிக்கவில்லை. உடம்பு பலப்படுவது மிதிக்கும்போது அல்ல, மிதித்துவிட்டு ஓய்வெடுக்கும்போது. மெதுவான நீண்ட ஓட்டத்தில் தசைக்குள் நுண்ரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. தினமும் அடித்துப் பிழிந்தால் பழுது பார்க்க உடம்புக்கு நேரம் ஏது?

2019 ஜனவரி முதல் முறையை மாற்றினேன். செவ்வாய், வியாழன் ஒரு மணி நேரம் மெதுவாக. எவ்வளவு மெதுவாக? இதயத் துடிப்புக்கு 220லிருந்து வயதைக் கழி என்பார்கள். 2001ல் வந்த இன்னொரு சூத்திரம் 208லிருந்து வயதின் 0.7 பங்கைக் கழிக்கச் சொல்கிறது. என் வயது 74. முதலாவது 146 என்கிறது, இரண்டாவது 156. பத்து வித்தியாசம். எனவே நானே ஒரு அளவுகோல் வைத்துக் கொண்டேன். விஷ்ணு ஸஹஸ்ரநாமத்தை வாய்விட்டு, ச்லோகத்தின் நடுவே மூச்சு வாங்காமல் சொல்ல முடிந்தால் அது சரியான மெதுவேகம். நடுவில் நிறுத்தி மூச்சு வாங்க வேண்டியிருந்தால் வேகம் அதிகம். முழு ஆவர்த்தியும் முடியும்போது வீட்டுத் திருப்பத்துக்கு வந்துவிடுவேன். பால்காரர் என்னைப் பெரிய பக்திமான் என்று எண்ணிக் கொண்டிருக்கிறார்.

சனிக்கிழமை கடினம். எங்கள் பேட்டையில் ஒரு மேடு இருக்கிறது. அதில் இரண்டு நிமிஷம் மூச்சிரைக்க ஏறுவது, மூன்று நிமிஷம் சும்மா உருட்டுவது. இப்படி ஐந்து தடவை. ஆக, வாரத்தில் நான் உண்மையாகவே கஷ்டப்படுவது பத்து நிமிஷம். ஞாயிறு அணை. மாதத்தில் முதல் ஞாயிறு மட்டும் மீட்டரைப் பார்ப்பேன். மற்ற நாளில் அதன் மேல் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டியிருக்கும். மீதி மூன்று நாள் சைக்கிள் கிடையாது. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருதல், மூன்று சுற்று. பிறகு மாடிப்படி. ஏனென்றால் சைக்கிளில் நம் பாரத்தை ஸீட் தாங்குவதால் எலும்புக்கு வேலை இல்லை, அது பலப்படாது. இடுப்பெலும்பு முறிந்தால் என்னவாகும் என்று எங்களாத்தில் பார்த்தாயிற்று.

முழங்கால் வலிக்கு மருந்து ஸ்பானரில் இருந்தது. நம்மவர்கள் இரண்டு காலும் தரையில் படும்படி ஸீட்டை இறக்கி வைத்துக் கொள்கிறோம். தவறு. ஸீட்டில் உட்கார்ந்து குதிகாலை மிதியில் வைத்தால், மிதி அடியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதித்தால் முட்டி தேவையான அளவு மடங்கும். இன்னொன்று, கனமான கியரில் அழுத்தி அழுத்தி மிதிக்காதீர்கள். லேசான கியரில் நிமிஷத்துக்கு எண்பது சுற்று வரட்டும். எனக்கு அது பழக ஆறு மாதம் ஆயிற்று. கும்பகோணத்துக் கால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

2019 டிசம்பரில் 19.6. 2020 மார்ச்சில் ஊரடங்கு. வயதானவர்கள் வெளியே வரக்கூடாது என்றார்கள், எட்டு மாதம் மாடிப்படி மட்டும்தான். நவம்பரில் திரும்ப ஏறியபோது 14.8. இரண்டு வருஷச் சேமிப்பு எட்டு மாதத்தில் கரைந்து போயிருந்தது. கண்ணில் நீர் வந்தது உண்மை. ஆனால் இந்தத் தடவை அவசரப்படவில்லை. 2022 பிப்ரவரி முதல் ஞாயிறு, எனக்கு எழுபது முடிந்து ஆறாவது மாதம், 30 கிலோமீட்டர், 89 நிமிஷம் 30 விநாடி. கணக்குப் போட்டுக் கொள்ளுங்கள், இருபதுக்கு மேலே ஒரு மயிரிழை. டயரியில் சிவப்பு மசியால் எழுதியிருக்கிறேன்.

இப்போது 18.9. அடுத்த வருஷம் இன்னும் குறையும். 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்தில் முடிக்கும் ஓட்டங்கள் இருக்கின்றன, என் நண்பர் ஒருவர் போய் வருகிறார். என்னையும் கூப்பிட்டார். ஒன்பது மணிக்கு ஆத்தில் மாத்திரை எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். போன மாதம் அவள் குளியலறை வாசலில் மறுபடி தடுமாறினாள். இந்தத் தடவை பிடித்து நிறுத்தினேன். முதுகு பிடித்துக் கொள்ளவில்லை.

மழைக்காலத்தில் பாசி படிந்த ரோட்டில் போகாதீர்கள். தலைக்கவசமும் பின்புறச் சிவப்பு விளக்கும் அவசியம், குளிர்காலத்தில் இங்கே ஏழு மணிக்குத்தான் விடிகிறது. கீழே வராந்தாவில் என் சைக்கிள் நிற்கிறது. ஸ்பானரும் கொண்டு வந்திருக்கிறேன். ஸீட் உயரம் பார்க்க விரும்புகிறவர்கள் காபி குடித்துவிட்டு வாருங்கள். இதற்கு மேல் பேசினால் ஆபத்து. முன்வரிசையில் உட்கார்ந்து ஒருத்தி கடிகாரத்தைப் பார்த்துக் கொண்டிருக்கிறாள்.