ஊசியில் மிச்சம் பிடித்தவர்கள்

(தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



வேலை போய்க் கையில் காசில்லை என்றால் போதைப் பழக்கம் தானே போய்விடும் என்று நாம் நினைக்கிறோம். சிலர் விடவும் செய்கிறார்கள். ஆனால் கிரீஸ் நாட்டில், ஏதென்ஸ் நகரத் தெருக்களில் நடந்ததைக் கேளுங்கள்.

2010-ல் கிரீஸ் சர்க்கார் கடனில் மூழ்கியது. சர்வதேச நாணய நிதியமும் ஐரோப்பிய யூனியன் நாடுகளும் கடன் கொடுத்தன. சும்மாவா? கூலியை வெட்டு, பென்ஷனை வெட்டு, ஆஸ்பத்திரிச் செலவை வெட்டு என்று நிபந்தனை! 2013-ல் உழைக்கக் கூடியவர்களில் 100-க்கு 27 பேருக்கு வேலையில்லை.

ஹெராயினைப் புகைத்தால் ஒரு பங்கு காற்றோடு போய்விடும். ஊசியில் ஏற்றினால் அத்தனையும் ரத்தத்தில் சேரும். கொஞ்சம் சரக்கே போதும். ஆகவே காசு குறையும்போது ஊசிக்கு மாறுகிறவர்கள் உண்டு. விலை ஏறினால் நாம் அரிசியை விட்டு நொய் வாங்குகிறோமே, அதே கணக்குத்தான்.

புது ஊசி கிடைக்காதபோது ஒருவர் போட்டதையே அடுத்தவர் வாங்கிக் குத்திக்கொள்கிறார். கண்ணுக்குத் தெரியாத ரத்தம் அதற்குள் தங்கியிருக்கிறது. எய்ட்ஸைத் தரும் எச்.ஐ.வி. கிருமியும், ஈரலைக் கெடுக்கும் ஹெப்படைட்டிஸ் சி கிருமியும் அதிலேயே ஏறிப் போகின்றன. தண்ணீரில் அலசினால் போதும் என்பது தப்பு. பொடி கரைத்த கரண்டியும் வடிகட்டிய பஞ்சும்கூட நோயைக் கடத்தும்.

போதை ஊசி போடுகிறவர்களில் புதிதாக எச்.ஐ.வி. தொற்றியவர்கள் 2009-ல் 15 பேர். 2012-ல் 484 பேர்!

ஓர் ஊசியின் விலை என்ன? சில்லறைக் காசு. தொற்றிவிட்டால் ஆயுள் முழுவதும் மாத்திரை. எதை மிச்சம் பிடித்தார்கள், சொல்லுங்கள்! ஹெராயினுக்குப் பதிலாகக் கொடுக்கும் மெதடோன் மருந்துக்கு ஏதென்ஸில் ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். 2012 தேர்தலுக்குச் சற்று முன் போலீஸ் சில பெண்களைப் பிடித்துக் கட்டாய ரத்தப் பரிசோதனை நடத்தி, அவர்கள் படங்களையும் வெளியிட்டது. ஓட்டு வேட்டைக்கு நோயாளிதானா அகப்பட்டாள்?

அதே ஆண்டு ஆகஸ்டில் ‘அரிஸ்டாட்டில்’ என்ற திட்டம் தொடங்கியது. வந்து பரிசோதித்துக்கொண்டால் 5 யூரோ. கூட்டாளியை அனுப்பி வைத்தால் தலைக்கு 3 யூரோ. மெதடோன் நிலையங்களையும் பெருக்கினார்கள், ஊசிகளையும் கூடுதலாகக் கொடுத்தார்கள். 2013 முடிவதற்குள் 3,300 பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். தொற்றும் வேகம் 100-க்கு 78 பங்கு குறைந்தது.

அத்தனை பேரையும் கூட்டி வந்தது போலீசல்ல, தோழர்களே. அதே தெருவில் அவர்களோடு கிடந்த கூட்டாளிகள்தான்.